கள்ளக்கடல் வந்த சனிக்கிழமை

“8.5. சனி. மழை இல்லை. காற்று இல்லை. கடல் பார்த்தோம்.”

அப்பாவின் மழைப் புத்தகத்தில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. ஆண்டு இல்லை, அட்டையில் எழுதியிருந்ததை மலையின் ஈரம் தின்றுவிட்டது. ஆனால் மறுநாள் நடந்த ஞானஸ்நானத்தின் சான்றிதழ் சித்தியிடம் பத்திரமாக இருக்கிறது. அதில் 9.5.1999, ஞாயிறு என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே அந்தச் சனிக்கிழமை 1999ஆம் ஆண்டு மே மாதம் எட்டாம் தேதி என்று உறுதியாகச் சொல்லலாம். எனக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை.

அப்பா வண்டிப்பெரியாருக்கு மேலே இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் கிளார்க்காக இருந்தார். தினமும் காலை ஏழு மணிக்கு ஆபீஸ் முற்றத்தில் இருக்கும் மழைமானியைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளந்து எழுதுவது அவர் வேலை. ஒரு பிரதி எஸ்டேட்டுக்கு, ஒரு பிரதி தனக்கு. மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் ஓடையைக் கடக்கலாமா என்று அவரிடம்தான் கேட்பார்கள். அவர் பாறையில் பாசி நின்ற கோட்டைப் பார்த்துவிட்டு, போகலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்வார். எனக்குத் தெரிந்து ஒருமுறைகூட அது தவறியதில்லை. தண்ணீரைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று அவர் நினைத்திருந்தால் அதை ஆணவம் என்று சொல்ல மாட்டேன். சுற்றியிருந்த நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அவருக்குத் தெரியாமல் போனது ஒரே ஒரு விஷயம். சித்தி.

அம்மாவின் தங்கையான சித்தி, பெற்றோர் இறந்த பிறகு எங்கள் லயத்து வீட்டில்தான் வளர்ந்தாள். அப்பாவே எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரை அவளுக்குப் பேசி வைத்திருந்தார். சித்தியோ வண்டிப்பெரியாரில் தையல் பழகப் போன இடத்தில், வாரம் இருமுறை கடற்கரையிலிருந்து மீன் லாரி ஓட்டி வந்தவரைப் பார்த்தாள். ஒரு புதன்கிழமை லாரி கீழே இறங்கியபோது அவளும் அதில் இருந்தாள். பிறகு கடிதம்தான் வந்தது. அப்பா நான்கு வருடம் அந்த மனிதரின் பெயரைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்தால் ‘லாரி’ என்பார். “லாரி வீட்டுலேருந்து லெட்டர் வந்திருக்கு போல” என்று அம்மாவிடம் நீட்டுவார்.

1999 ஏப்ரலில் வந்த கடிதத்தில், பிறந்திருக்கும் பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றும், அத்தான்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்றும் சித்தி எழுதியிருந்தாள். அவர் மறுத்தால் குழந்தைக்கு வேறு யாரையும் நிறுத்தப்போவதில்லையாம். தனியாகவாவது போவேன் என்றாள் அம்மா. அப்பா பையை எடுத்தார். இரண்டு சட்டையும் மழைப் புத்தகமும் பைக்குள் போயின.

குமுளியில் பஸ் ஏறி, இரண்டு முறை மாறி, வெள்ளிக்கிழமை மாலை குமரிக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நிலம் கடலுக்குள் மூக்கை நீட்டியது போன்ற ஒரு முனை அது. மேலே செம்மண், எங்கள் எஸ்டேட் ரோட்டுக்கு மலையை வெட்டிய இடம் போலவே சிவந்து நிற்கும். அதற்குக் கீழே ஐம்பது அறுபது அடிக்குச் செங்குத்தான கரும்பாறை. பாறை வெடிப்புகளில் மாடப்புறாக்கள் குடியிருந்தன. செம்பருந்துகள் நம் கண்மட்டத்துக்குக் கீழே பறந்தன. பறவையின் முதுகை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். முனையின் அடியில், கடலுக்குள் தள்ளி, ஆமை முதுகு போல இன்னொரு பாறை கிடந்தது. கீழ்ப்பாறை என்றார்கள். அதற்கும் கரைக்கும் நடுவே இருபது எட்டு வைத்துக் கடக்கும் நீளத்துக்கு உருண்டைக் கற்கள் நிறைந்த தாழ்வான பாதை. அதைக் கழுத்து என்றார்கள்.

சித்தப்பா பஸ் நிறுத்தத்துக்கு வந்து எங்கள் பையை வாங்கினார். அப்பா அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டில் மீன் குழம்பைத் தொடாமல் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் பழக்கதோஷத்தில் புத்தகத்தைத் திறந்ததைச் சித்தி பார்த்துவிட்டாள்.

“என்ன அத்தான், அளக்குற குழாயையும் கொண்டாந்தீங்களா? வந்ததுக்குக் கடல அளந்து எழுதிட்டுப் போங்க.”

“கடல எதுக்கு அளக்க? அது ஏறவும் போறதில்ல, எறங்கவும் போறதில்ல.”

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தி கண்ணால் அடக்கினாள்.

ஆண்கள் இருவரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை; அம்மாவின் வழியாகவே பேச்சு போய் வந்தது. கீழ்ப்பாறையில் ஒரு இரும்பு வளையம் பதித்திருக்கிறது, அந்தக் காலத்தில் கப்பல் கட்டியது, டச்சுக்காரன் கப்பல் என்று தன் அப்பா சொல்வார் என்று சித்தப்பா அம்மாவிடம் சொன்னார்.

“வருஷம் போட்டிருக்கான்னு கேளு” என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து.

“எழுத்து கெடக்குன்னு சொல்லுவாவ மதினி. நான் பாத்ததில்ல” என்றார் சித்தப்பா, அவரும் அம்மாவைப் பார்த்து.

அப்பாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. எழுத்து இருக்கிறது என்பான், பார்த்ததில்லை என்பான் என்ற சிரிப்பு. போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் இறங்கினார். அப்போதுதான் சித்தப்பா முதல்முறையாக அப்பாவிடமே நேராகப் பேசினார்.

“அண்ணே, வளையம் எங்கயும் போவாது. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு கீழ போவாண்டாம். ராத்திரி பூரா கடலு ஒருமாதிரி மொனங்கிட்டுக் கெடந்துது. இது கள்ளக்கடலு வாற மாசம்.”

அப்பா வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை. வாசலில் காய்ந்த வலைகூட அசையவில்லை.

“மழை இல்ல. காத்து இல்ல. தண்ணி எப்படி ஏறும்? கடலுக்கு மேல அணை இருக்கா, ஷட்டரத் தொறந்துவிட?”

பெரியாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான வாதம் கிடையாது. எங்கள் ஊரில் ஆறு பெருகினால் ஒன்று மழை, இல்லையென்றால் மேலே அணையின் ஷட்டர். அதுவும் ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுத்தான் வரும். நான் சத்தமாகச் சிரித்தேன். அன்றைக்கு நான் செய்தவற்றில் இன்றும் நினைத்துக் கூசுவது அந்தச் சிரிப்பைத்தான்.

முனையின் மேலேயிருந்து கீழே போக, பாறையில் வெட்டிய படி உண்டு. நாங்கள் இறங்கிக் கழுத்தைக் கடந்தபோது கற்கள் காய்ந்திருந்தன. கீழ்ப்பாறையின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைப் பட்டை ஓடியது. அதற்குக் கீழே கறுப்பு ஈரம், மேலே காய்ந்த பாறை. எங்கள் ஓடையில் கோடு பார்ப்பது போலவே அப்பா குனிந்து பார்த்தார்.

“இதுக்கு மேல தண்ணி வந்ததே இல்ல. காஞ்ச பாறை பொய் சொல்லாது” என்றார் என்னிடம்.

வளையம் இருந்தது. என் இரண்டு கைகளாலும் பிடிக்கும் அளவுக்குப் பெரியது. துரு ஏடு ஏடாக உரிந்தது. அப்பா வெள்ளைப் பட்டைக்கு மேலே குந்தியிருந்து, வீட்டுச் சாவியால் துருவைச் சுரண்ட ஆரம்பித்தார். நான் நண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு நண்டுகள், தட்டையானவை. முதலில் ஒன்றிரண்டாக வந்தவை பிறகு கூட்டமாக வந்தன. வெள்ளைப் பட்டையைத் தாண்டி, எங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து, பாறையின் மேட்டை நோக்கிப் போயின. எங்களைப் பார்க்கத்தான் வருகின்றன என்று நினைத்தேன். கையிலிருந்த முறுக்கில் ஒரு துண்டை உடைத்துப் போட்டேன். ஒன்றுகூட நிற்கவில்லை. சற்றுக் கழித்து, கரைப்பக்கத்து வெடிப்புகளிலிருந்து புறாக்கள் ஒரே வீச்சில் கிளம்பி உள்நாட்டுப் பக்கம் போயின.

அதன்பிறகு கடல் பின்வாங்கியது. அலைச்சத்தம் நின்றது. இதுவரை தெரியாத கற்களும், பச்சைப் பாசியும், சிப்பி அப்பிய பாறைகளும் வெளியே வந்தன.

“பாரு, எறங்குது” என்றார் அப்பா. குரலில் சந்தோஷம் இருந்தது.

நான் படித்த புத்தகங்களில் அலை எழுந்து, வளைந்து, நுரைத்து வரும். வந்தது அப்படி இல்லை. அடுப்பில் பால் பொங்குவது போல, எந்த அவசரமும் இல்லாமல், கடல் முழுவதுமாக உயர்ந்தது. கறுப்பு ஈரத்தை மூடியது. வெள்ளைப் பட்டையை மூடியது. அப்பாவின் கையிலிருந்த சாவி எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கழுத்தை நோக்கி ஓடினார். கழுத்து அங்கே இல்லை. இருந்த இடத்தில் தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் வந்து மோதிச் சுழன்றது. அடியில் உருண்டைக் கற்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டது. வாயில் கல்லைப் போட்டு மென்றால் அப்படித்தான் கேட்கும்.

“அண்ணே, வராதிய. கழுத்துல எறங்காதிய.”

சித்தப்பாவின் குரல். நிமிர்ந்து பார்த்தேன். அவர் முனையின் படியில், பாதி இறங்கிய நிலையில் நின்றார். நாங்கள் இறங்கிய நேரத்திலிருந்தே அவர் மேலே குந்தி உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

“பொறத்தால போங்க. கடலு பக்கமா மேடு இருக்குல்லா, அதுல ஏறுங்க.”

அப்பா முழங்கால் தண்ணீரில் நின்றார். மலையில் வெள்ளம் வந்தால் தண்ணீரை விட்டு விலகிக் கரைக்கு ஓடுவதுதான் அறிவு. கரை எதிரே இருபது எட்டில் தெரிந்தது. அந்த மனிதரோ எங்களைக் கடலை நோக்கிப் போகச் சொன்னார். அப்பாவின் முகம் என் முகத்துக்கு அருகில் இருந்தது. ஏமாற்றப்படுகிறோமா என்று யோசிக்கும் முகம். அந்த யோசனையில் அடுத்த தண்ணீர் வந்துவிட்டது. அது அவரை இடுப்போடு பிடித்து இழுத்தது. விழுந்தார், என்னை விடவில்லை. சிப்பியில் முழங்கால் கிழிந்து தண்ணீர் சிவந்து, உடனே நிறம் மாறியது. எழுந்ததும் திரும்பி, கடலை நோக்கி ஏறினார்.

மேட்டின் உச்சி ஒரு கட்டில் அகலம்தான் இருக்கும். அங்கே எங்களுக்கு முன்பே நண்டுகள் இருந்தன. நான் பயத்தில் பாவாடையை நனைத்துவிட்டேன். எப்படியும் நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு முறை கடல் உயரும்போதும் பாறைக்குள்ளிருந்து ஓர் அதிர்வு வந்து என் பல்லில் நின்றது. அப்பா “அருள் நிறைந்த மரியே” என்று ஆரம்பிப்பார். பாதியில் நின்றுவிடும். திரும்ப ஆரம்பிப்பார். போன வருடத்து ஜூன் மாத மழையைத் தேதி வாரியாக ஒப்பிக்கக்கூடியவருக்கு, தினமும் சொல்லும் ஜெபத்தின் இரண்டாம் பாதி கிடைக்கவில்லை. எனக்கு அலையைவிட அது அதிகப் பயமாக இருந்தது.

எவ்வளவு நேரம் அங்கே இருந்தோம் என்று என்னால் சொல்ல முடியாது. அம்மா அரை மணி நேரம் என்கிறாள். சித்தி ஒரு மணிக்கு மேல் என்கிறாள்.

சித்தப்பா இடுப்பில் வடம் கட்டிக்கொண்டு வந்தார். மறுமுனையைக் கரையில் இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். தண்ணீர் தாழ்ந்த ஒரு இடைவெளியில் கழுத்தில் இறங்கி, மார்பளவில் நடந்து, அடுத்தது வருவதற்குள் பாறையைப் பற்றி ஏறிவிட்டார். மூச்சு வாங்க அவர் சொன்னது மிகச் சாதாரணமான குரலில் இருந்தது.

“எண்ணிப் பாத்தேன் அண்ணே. ஏழெட்டு பெருசா வருது, பொறவு செத்த நேரம் ஓயுது. அதுலதான் போவணும். ரெண்டு பேரையும் ஒண்ணா கொண்டுபோவ முடியாது. பிள்ளையத் தாருங்க.”

அப்பா தரவில்லை. என்னை இன்னும் இறுக்கினார்.

“பொறவு என்னைய எவ்வளவு வேணும்னாலும் ஏசுங்க. லாரின்னு கூப்பிடுங்க. இப்ப பிள்ளையத் தாருங்க.”

அந்தப் பெயர் அவர் காதுவரை போயிருக்கும் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. அப்பாவின் கை தளர்ந்தது. இப்போது நான் விடவில்லை. அவர் சட்டைக் காலரைப் பத்து விரல்களாலும் பிடித்திருந்தேன். அப்பா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சுண்டுவிரல் வலித்தது. என்னைப் பார்க்காமல் பிரித்தார். வெகுகாலம் நான் அதை அவர் என்னைத் தள்ளிவிட்டதாகவே மனதில் வைத்திருந்தேன்.

சித்தப்பாவின் கழுத்தில் பீடி வாசமும் உப்பும் இருந்தன. “கண்ண மூடிக்க மக்கா. தெறந்து வச்சா கடலு உள்ள போயிரும்” என்றார். மூடிக்கொண்டேன். தண்ணீர் என் காது வரை ஏறியது. கற்கள் மெல்லும் சத்தம் அடியில் வந்து, பின்னால் போனது. கண்ணைத் திறந்தபோது அம்மா என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள்; பிறகு கட்டிக்கொண்டாள்.

சித்தப்பா திரும்பி, அடுத்த ஓய்வில் அப்பாவை நோக்கிப் போனார்.

அம்மா படியில் மண்டியிட்டுக் கண்ணை மூடி ஜெபித்தாள். சித்தி கைக்குழந்தையோடு வீட்டுக்கும் படிக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தாள். ஆகவே பாறையைத் தொடர்ந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். மேட்டில் இரண்டு பேர் நின்றார்கள். ஏழெட்டுப் பெரிய அலைகள் வந்து ஓய்ந்தன. கழுத்தின் கற்கள் தலைகாட்டின. அவர்கள் வரவில்லை. மறுபடி வந்து ஓய்ந்தன. அப்போதும் வரவில்லை. இரண்டாவது ஓய்வின்போது அப்பா குனிந்தார். சும்மா குனியவில்லை, மேட்டின் விளிம்புக்குக் கீழே தலை மறையும் அளவுக்குப் போனார். சித்தப்பா சட்டென்று ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். பிறகு அவரும் குனிந்து, அப்பாவின் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

“அப்பா செருப்பத் தேடுறாரு” என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

மூன்றாவது ஓய்வில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். சித்தி கடுங்காப்பி கொடுத்தாள். யாரும் யாரையும் ஏசவில்லை. மறுநாள் கோயிலில் அப்பா குழந்தையைக் கையில் ஏந்தி நின்றார். சான்றிதழில் ஞானத்தகப்பன் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது.

தூரத்துத் தெற்குக் கடலில் எங்கோ அடித்த புயலின் அலை, பல நாள் பயணம் செய்து, மழையும் காற்றும் இல்லாத கரையில் இப்படி ஏறும் என்றும், முன்னறிவிப்பு இல்லாமல் திருடன் போல வருவதால் மீனவர்கள் அதற்கு அந்தப் பெயர் வைத்தார்கள் என்றும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் தேதியின் பத்திரிகைகளைத் தேடினேன். எங்கள் முனையைப் பற்றி ஒரு வரிகூட எனக்குக் கிடைக்கவில்லை.

2004 டிசம்பர் சுனாமியில் சித்தியின் வீடு போனது. ஆட்கள் தப்பினார்கள். செய்தி வந்த அன்றே அப்பா தனியாகப் பஸ் ஏறிப் போய் மூவரையும் அழைத்துவந்தார். சித்தப்பா வண்டிப்பெரியார் சந்தையில் மீன் கடை போட்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். அப்பா ஓய்வு பெற்ற பிறகு பெரும்பாலான பகல்களை அந்தக் கடை ஸ்டூலில் கழித்தார். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்க ஏதோ இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. செருப்பு என்ற பதிலோடு நான் நிம்மதியாக இருந்தேன்.

இரண்டு முறை வழி கிடைத்தும் ஏன் வரவில்லை என்று சித்தப்பாவிடம் கேட்டேன். “ஒங்க அப்பாவுக்குக் காலு வழங்கல மக்கா” என்றார். இன்னொரு முறை கேட்டபோது, “அது நல்ல வழி இல்ல” என்றார். அப்பா எதற்குக் குனிந்தார் என்று கேட்டபோது, “அதெல்லாம் ஆரு ஓர்மை வச்சிருக்கா” என்று அயலை மீனைத் திருப்பிப் போட்டு வெட்ட ஆரம்பித்தார். அப்பா அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர்; யார் காலிலாவது யாராவது விழுவதென்றால் அவர்தான் அப்பாவின் காலில் விழ வேண்டும்.

இதையெல்லாம் கேட்க வைத்தது, போன மாதம் பேச்சுவாக்கில் அம்மா சொன்ன ஒன்றுதான். பாறை வழுக்கும் என்று அப்பா அன்றைக்குச் செருப்பைச் சித்தி வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு இறங்கினாராம். அப்படியானால் மேட்டில் அவர் குனிந்தது செருப்பைத் தேட அல்ல. சித்தி அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு செருப்பைக் கடல் கொண்டுபோனது, மறுநாள் கோயிலுக்குத் தன் கணவரின் செருப்பைத்தான் அத்தான் போட்டுக்கொண்டு வந்தார் என்கிறாள். ஞானஸ்நானப் படம் ஒன்று இருக்கிறது. அது முழங்காலோடு நின்றுவிடுகிறது. அப்பா செருப்போடு அந்தப் பாறைக்குப் போனாரா, இல்லையா என்பதை இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.